கோத்தகிரியிலிருந்து கேம் வெளியிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர்க் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களும், சொந்தமாக ஒரு விளையாட்டைச் செய்து முடித்துவிட்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களும், எங்கள் ஊரிலேயே பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படும் பெற்றோரும், நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரியில் கேம் செய்து வெளியிடும் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு இதுவரை நின்ற இடத்தில் அவசரமாகவே பதில் சொல்லி வந்திருக்கிறோம். அவற்றை ஒரு முறையாவது நிதானமாக எழுதி வைக்க வேண்டும் என்று இதைத் தொகுத்தோம். விளையாட்டு என்றும் கேம் என்றும் இங்கே குறிப்பிடுவது கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் கதை, புதிர் விளையாட்டுகளை மட்டுமே.

நீங்கள் எத்தனை பேர்? எப்போது தொடங்கினீர்கள்?

மூன்று பேர். 2011இல் தொடங்கினோம். ஒருவர் நிரல் எழுதுகிறார், ஒருவர் படம் வரைகிறார், மூன்றாமவர் ஒலி, கணக்கு வழக்கு, விளையாட்டை விற்கும் இணையக் கடைகளுடனான கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைக் கவனிக்கிறார். இவற்றில் கடைசி வேலைதான் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே போகிறது. விளையாட்டைச் செய்வதைவிட அதை விற்பனையில் வைத்திருப்பதற்கே கூடுதல் உழைப்பு தேவைப்படும் நிலை எப்படி வந்தது என்பதையே கீழே பல பதில்களில் சொல்ல முயன்றிருக்கிறோம்.

மலையில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடிகிறதா? கோவைக்கோ பெங்களூருக்கோ போயிருக்கலாமே?

முடிகிறது. ஆனால் மழையைக் கணக்கில் வைத்துத்தான் எதையும் திட்டமிட வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆடி மாதம் பெருமழை என்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழைக்காலம். அந்த மாதங்களில் சாலையோர மரம் ஒன்று கம்பியின் மேல் சாய்ந்தால் கரண்டும் இணையமும் சேர்ந்தே போய்விடும். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்னும் டெமோ விழா பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது. ஒரு விளையாட்டு அதில் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். நாங்கள் யோசிக்காமல் அக்டோபரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். டெமோவை ஏற்றி முடிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு காற்றிலும் மழையிலும் லைன் போனது. விடிவதற்கு முன்பே மடிக்கணினியை மழைக்கோட்டுக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு, முதல் பேருந்தைப் பிடித்து, ஏறத்தாழ 33 கிலோமீட்டர் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்து ஏற்றினோம். பில்ட், அதாவது ஓடும் வடிவில் கட்டிய விளையாட்டு, ஏறும் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவருடைய அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஏடு படிந்து ஆறிப்போயிருந்தது.

அந்த நாள் எங்களுக்கு ஒரு தொழில்நுட்பப் பாடத்தையும் கற்றுக்கொடுத்தது. படங்கள், ஒலிகள் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே பெரிய கோப்பாகக் கட்டி வைத்திருந்தோம். ஸ்டீமின் ஏற்றும் கருவி, முந்தைய பில்ட்டிலிருந்து மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பக்கூடியது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கிக் கட்டினால், ஒரு சிறு படத்தைத் திருத்தினாலும் கோப்பு முழுவதும் மாறியதாகவே அதற்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் கோப்பு வைத்திருக்கிறோம். சுமாரான இணைப்பில்கூடத் திருத்தங்கள் சில நிமிடங்களில் ஏறிவிடுகின்றன. குறைந்த இணைய வசதியுள்ள ஊர்களிலிருந்து வேலை செய்கிறவர்கள் முதல் நாளே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு இது.

நகரத்துக்குப் போகாததற்கு வாடகை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நாங்கள் செய்யும் விளையாட்டுகள் இந்த மலையிலிருந்தே பிறக்கின்றன என்பது. எங்கள் மலை ரயில் புதிர் விளையாட்டுக்காக, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான பல்சக்கரப் பாதையில் எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும் ஓசையைப் பதிவு செய்ய ரன்னிமேடு நிலையத்தில் மூன்று நாட்கள் காத்திருந்தோம். அந்த ஓசையை வேறெங்கும் இருந்துகொண்டு செய்திருக்க முடியாது.

நீங்கள் தொடங்கிய காலத்தில் வெளியீடு எப்படி இருந்தது?

நாங்கள் முதலில் செய்தவை அடோப் ஃபிளாஷ் என்னும் மென்பொருளில் எழுதி, உலாவிக்குள் ஓடிய சிறு விளையாட்டுகள். அன்று வெளியிடுவது என்றால் கடையில் வைத்து விற்பது அல்ல. ஒரு விளையாட்டுத் தளம் தன் சின்னத்தையும் தன் முகவரிக்கான இணைப்பையும் விளையாட்டின் தொடக்கத்தில் வைப்பதற்கு ஒரு தொகை தரும். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் தளத்தில் போட்டுக்கொள்ளலாம். கோப்பு பரவப் பரவ, சின்னம் வைத்தவருக்கு ஆட்கள் வருவார்கள். ஒரு தளம் வேண்டாம் என்றால் இன்னொரு தளத்திடம் போகலாம். அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிய ஒற்றை வாசல் என்று எதுவும் இல்லை. குறையும் இருந்தது. பணம் ஒரு முறைதான் வரும். நம் விளையாட்டை யார் ஆடினார்கள் என்பது நமக்குக் கடைசிவரை தெரியாது.

ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை என்று 2010 ஏப்ரலிலேயே ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாக எழுதியிருந்தார். நாங்கள் அதைப் படித்தும் அதன் பொருளை உணரவில்லை. 2017இல் அடோப் நிறுவனம் ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தை ஓடவிடாமல் தடுத்தது. அதற்குள் கேம்கள் கடைகளுக்குள் போய்விட்டன, கடைகளோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களின் கையில் இருந்தன.

அந்தப் பழைய விளையாட்டுகளை இப்போது ஆட முடியுமா?

சிலவற்றை முடியும். ரஃபிள் என்ற திறமூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள், பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவிகளில் ஓட வைக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய ஆவணக் காப்பகம் 2020 நவம்பரிலிருந்து அதைப் பயன்படுத்தி ஃபிளாஷ் விளையாட்டுகளைப் பாதுகாத்து வருகிறது. எங்களுடையவற்றில் இரண்டின் மூலக் கோப்புகள் எங்களிடமே இல்லை. அவை இருந்த ஹார்டு டிஸ்க்கை இரும்பு பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தோம். இரண்டு மழைக்காலங்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோது இணைப்பு முனையில் பச்சை பூத்திருந்தது, டிஸ்க் சுழலவே இல்லை. அதில் இருந்தவை நாங்கள் முதன்முதலாகச் செய்தவை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது. மலையில் இருப்பவர்கள் காப்பு டிஸ்க்குகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையுடன் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். ஒரு பிரதியைச் சமவெளியில் உறவினர் வீட்டிலும் வைக்க வேண்டும்.

ஸ்டீமில் நுழைவது கடினமா?

நுழைவது எளிது, கண்ணில் படுவதுதான் கடினம். முன்பு இது தலைகீழாக இருந்தது. 2003இல் தொடங்கிய ஸ்டீம் பல ஆண்டுகள் எந்த விளையாட்டை ஏற்பது என்பதைத் தானே தேர்ந்தெடுத்தது. 2012 ஆகஸ்டில் கிரீன்லைட் என்ற முறை வந்தது. 100 டாலர் கட்டி, விளையாட்டைக் காட்டி, ஆடுபவர்களின் ஓட்டுகளைச் சேகரிக்க வேண்டும். எங்கள் ரயில் விளையாட்டு அப்படித்தான் உள்ளே போனது. கல்லூரி நண்பர்கள், மாமா பிள்ளைகள், அவர்களுடைய அலுவலகத்தார் என்று ஒவ்வொருவரையும் கேட்டு ஓட்டு வாங்கினோம். அந்த மாதங்களில் நாங்கள் விளையாட்டின் தரத்தை உயர்த்தும் வேலை எதையும் செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

2017 ஜூனில் கிரீன்லைட்டுக்குப் பதிலாக ஸ்டீம் டைரக்ட் வந்தது. ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரை எட்டினால் அந்தத் தொகை திரும்ப வரும். முதல் முறை கட்டுபவர்கள் கட்டிய நாளிலிருந்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். விரைவில் வருகிறது என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது கடையில் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிய தடை இல்லை. விளைவாக, 2024இல் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் அங்கே வெளியாயின. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஐம்பது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் இத்தனைக்கும் நடுவில் ஒரு சிறு விளையாட்டு எப்படிக் கண்ணில் படுகிறது?

வெளியிடும் நாளுக்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. வாங்க நினைப்பவர்கள் விஷ்லிஸ்ட்டில் சேர்த்து வைப்பார்கள். விளையாட்டு வெளியாகும்போதும், பிறகு 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் விலை குறையும்போதும் அவர்களுக்கு ஸ்டீமிலிருந்து மின்னஞ்சல் போகும். ஆகவே பக்கத்தை எவ்வளவு முன்னதாகத் திறக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நாங்கள் முதல் விளையாட்டுக்கு மூன்று வாரம் முன்புதான் திறந்தோம், அடுத்ததற்கு ஓராண்டு முன்பே திறந்தோம். இரண்டின் முதல் வார விற்பனைக்கும் இடையே இருந்த வேறுபாட்டுக்கு வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

விளையாட்டு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டால், ஆடி முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றுவிட மாட்டார்களா?

பெறுவார்கள், சிலர். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். 2015 ஜூனில் வந்த விதி இது. எங்கள் ரயில் விளையாட்டை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இதற்காக அதை நீட்டித்து, தேவையில்லாத பத்து புதிர்களைச் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. சேர்க்கவில்லை. பணம் திருப்பித் தரப்படும் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் முகம் தெரியாத மூன்று பேர் செய்த விளையாட்டை ஒருவர் துணிந்து வாங்கிப் பார்க்கிறார். அந்த விதி சிறியவர்களுக்கு இழப்பைவிட நன்மையையே கூடுதலாகச் செய்கிறது என்பது எங்கள் கருத்து.

கடையின் பங்கு போகக் கைக்கு எவ்வளவு வருகிறது?

கோத்தகிரியில் இதை விளக்குவது எளிது. ஏனென்றால் இங்கே பாதி வீடுகளில் இந்தக் கணக்கை வேறு வடிவத்தில் அறிவார்கள். சிறு தேயிலை விவசாயி பச்சை இலையைப் பறித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பும்போது அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாது; தூள் குன்னூர் ஏலத்தில் போகும் விலையை ஒட்டியே பின்னால் தெரிய வரும். மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். எங்களில் ஒருவருடைய அப்பா நாற்பது ஆண்டுகளாக இலை கொடுப்பவர். எங்கள் முதல் விற்பனை அறிக்கையை அவரிடம் காட்டியபோது, தொகையைப் பார்க்காமல் கழிவுப் பத்தியைத்தான் முதலில் பார்த்தார்.

ஒரு எடுத்துக்காட்டு. இந்தியாவில் ஒருவர் உங்கள் விளையாட்டை ₹590 கொடுத்து ஸ்டீமில் வாங்குகிறார் என்று வையுங்கள். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. அது போக ₹500. கடையின் பங்கு 30 சதவீதம். அது போக ₹350. வங்கிக்கு டாலராக வந்து ரூபாயாக மாறும்போது மாற்று விகிதத்திலும் கட்டணத்திலும் கொஞ்சம் போகும். அமெரிக்காவில் வாங்கியவர்களின் தொகையில் அந்நாட்டு வரியும் பிடிக்கப்படும்; இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டுப் படிவத்தைச் சரியாக நிரப்பினால் 15 சதவீதம், நிரப்பாவிட்டால் 30 சதவீதம். படிவத்தில் பான் எண்ணை எழுதும் இடத்தைக் காலியாக விட்டதால் எங்களுக்கு ஒரு காலாண்டு முழுவதும் 30 பிடிக்கப்பட்டது. தவறு எங்களுடையதே. இவ்வளவுக்குப் பிறகு வருவதை மூன்று பேர் பகிர வேண்டும். மேலும் விளையாட்டுகளில் பெரும்பகுதி முழு விலையில் விற்பதில்லை, தள்ளுபடிக் காலங்களில்தான் விற்கின்றன.

இந்தப் பங்கு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஸ்டீம் 2018இன் இறுதியில், 1 கோடி டாலருக்கு மேல் விற்றால் 25 சதவீதம், 5 கோடிக்கு மேல் விற்றால் 20 சதவீதம் என்று குறைத்தது. அந்தச் சலுகை எங்களைப் போன்றவர்களை எட்டவே எட்டாது. அதே ஆண்டு டிசம்பரில் எபிக் கடை 12 சதவீதத்துடன் வந்தது. ஆப்பிள் 2021 ஜனவரியிலும் கூகுள் பிளே அதே ஆண்டு ஜூலையிலும் 10 லட்சம் டாலர் வரையிலான வருவாய்க்குப் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தன. 2013 முதல் இயங்கும் இட்ச் தளத்தில் எத்தனை சதவீதம் கொடுப்பது என்பதை விற்பவரே முடிவு செய்யலாம். ஆனால் பங்கு குறைந்த கடையில் ஆள் கூட்டமும் குறைவாக இருந்தால் மிஞ்சுவது அதிகமாகிவிடாது. எல்லோரும் சதவீதத்தைப் பற்றியே கேட்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் உண்மையான செலவு அடுத்த பதிலில் இருக்கிறது.

உங்கள் கைப்பேசி விளையாட்டுகளை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

கைப்பேசிக் கடையில் ஒரு விளையாட்டை வைப்பது, தோட்டத்தில் செடி வைப்பதைப் போன்றது அல்ல. வாடகைக்கு அறை எடுப்பதைப் போன்றது. ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் விளையாட்டு கடையிலிருந்து இறங்கிவிடும். கூகுளில் 25 டாலர் ஒரு முறை கட்டினால் போதும், ஆனால் வாடகையை உழைப்பாகக் கட்ட வேண்டும். 2017இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய வகையான 32 பிட் செயலிகள் ஓடாமல் போயின. 2019 ஆகஸ்டிலிருந்து கூகுள் பிளேயிலும் புதிய வகையான 64 பிட் கட்டாயமானது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளுக்கு ஏற்ப ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டை மறுபடியும் கட்டி ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் புதிய கைப்பேசி வைத்திருப்பவர்களின் தேடலில் அது வராது. பாதுகாப்புக்காக இது தேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வங்கிச் செயலிக்கும், இணையத்தையே தொடாத ஒரு புதிர் விளையாட்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்ட விளையாட்டு ஒரு கைப்பேசிக் கடையில் ஐந்து ஆண்டுகள் இருந்தது. ஒரு ஜூலை மாதம், புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. புதுப்பிக்க, விளையாட்டைக் கட்டப் பயன்படும் மென்பொருளான எஞ்சினின் புதிய பதிப்பு வேண்டும். புதிய பதிப்பில் கட்டியபோது நாங்கள் பயன்படுத்திய விளம்பரக் கருவி ஓடவில்லை; அதை மாற்றினோம். பிறகு ஓட்டிப் பார்த்தால் காட்சிகளில் வெள்ளையாகத் தவழ வேண்டிய மூடுபனி, கரிப்புகை போலக் கறுப்பாகத் தெரிந்தது. பழைய முறையில் எழுதிய ஒளியமைப்பைப் புதிய பதிப்பு வேறுவிதமாகப் புரிந்துகொண்டதுதான் காரணம். பதினெட்டுக் காட்சிகளிலும் பனியைத் திரும்ப வரைந்தோம். ஆறு வாரம் போனது. அதன் முடிவில் ஆடுபவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. நேற்று இருந்த விளையாட்டு இன்றும் இருக்கிறது, அவ்வளவே. அந்த ஆறு வார ஊதியம் எந்தச் சதவீதக் கணக்கிலும் வராது. அடுத்த ஆண்டு அதே அறிவிப்பு வந்தபோது மூவரும் பேசி, விளையாட்டை இறக்கிக்கொண்டோம்.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு கூகுள் பிளேயில் தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகள், வெளியிடும் முன் 20 பேரைக் கொண்டு 14 நாட்கள் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. 2024 இறுதியில் அது 12 பேராகக் குறைக்கப்பட்டது. வகுப்பு நண்பர்கள் இருக்கும் மாணவருக்கு இது கடினமல்ல. தனியாக ஹட்டி என்னும் மலைச் சிற்றூர் ஒன்றில் உட்கார்ந்து செய்பவருக்குக் கடினம். அப்படி யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள், நாங்கள் மூவரும் எங்கள் வீட்டாரும் சோதிப்போராகச் சேர்ந்துகொள்கிறோம்.

எந்த எஞ்சினைப் பயன்படுத்துகிறீர்கள்?

இப்போது கோடோ. முன்பு யூனிட்டி. 2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வருவாயையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. தனிநபர் உரிமத்துக்கு 2,00,000 டாலர் வருவாயும் 2,00,000 நிறுவல்களும் வரம்பாக இருந்ததால் நாங்கள் அதில் சிக்கியிருக்க மாட்டோம். ஏற்கனவே வெளியான விளையாட்டுகளின் புதிய நிறுவல்களையும் அது சேர்த்துக்கொண்டதுதான் எங்களை அச்சுறுத்தியது. பத்து நாளில் விதிகளைத் தளர்த்தினார்கள். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தை முழுவதுமாகக் கைவிட்டார்கள். ஆனால் வீடு கட்டிக் குடியேறிய பிறகு மனையின் நிபந்தனை மாறலாம் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால் அங்கே நிம்மதியாக இருக்க முடியாது. கோடோ 2014இல் எம்ஐடி உரிமத்தில் திறமூலமாக வெளியிடப்பட்டது. பங்கும் கிடையாது, ஒருமுறை இறக்கி வைத்த பதிப்பின் உரிமத்தை யாரும் திரும்பப் பெறவும் முடியாது.

தமிழில் வெளியிட்டால் விற்குமா?

தமிழ் மட்டும் என்றால் விற்பனை குறைவு. ஆனால் தமிழையும் சேர்த்து வெளியிடுவதை நாங்கள் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறோம். எங்கள் பாட்டிமார் ஆடிப் பார்த்த ஒரே விளையாட்டு எங்களுடையதுதான்.

இதில் சந்தை ஒரு தடை, எழுத்து இன்னொரு தடை. கொ என்ற எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் திறன் இல்லாத எஞ்சினில் கொம்பு தவறான இடத்தில் போய், நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். முன்பெல்லாம் இதற்காகத் தமிழ் வசனங்கள் ஒவ்வொன்றையும் படமாக மாற்றி ஒட்டினோம். ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்த வேண்டுமானாலும் படத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். 2023 மார்ச்சில் வெளியான கோடோ 4இல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்புக் கருவி உள்ளேயே இருக்கிறது. கோத்தகிரி என்று தட்டினால் கோத்தகிரி என்றே திரையில் வருகிறது. முதல் முறை அதைப் பார்த்த அன்று மூவரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியீட்டாளர் ஒருவருடன் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமா?

நல்லவர் கிடைத்தால் போடலாம். பணம் முன்கூட்டி வரும், மொழிபெயர்ப்பும் சோதனையும் விளம்பரமும் அவர்கள் பொறுப்பாகும். நாங்கள் போட்ட ஒப்பந்தம் நன்றாக முடியவில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் ஏழு ஆண்டுக்குக் கையெழுத்திட்டோம். இரண்டாம் ஆண்டில் அவர்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். கடைக் கணக்கு அவர்கள் பெயரில் இருந்ததால், எங்கள் விளையாட்டில் இருந்த ஒரு பிழையை எங்களாலேயே திருத்தி ஏற்ற முடியவில்லை. ஆடியவர்கள் எங்களைத் திட்டி எழுதியதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தோம்.

ஆகவே கையெழுத்திடும் முன் நான்கு செய்திகளைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். கடைக் கணக்கு யார் பெயரில் இருக்கும் என்பது முதலாவது. எந்தெந்தச் செலவைக் கழித்த பிறகு உங்கள் பங்கு தொடங்கும், அந்தச் செலவுக்கு உச்சவரம்பு உண்டா என்பது அடுத்தது. கணக்கு அறிக்கை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வரும் என்பதும், குறிப்பிட்ட காலம் பணமோ பதிலோ வராவிட்டால் உரிமை தானாக உங்களிடம் திரும்பும் என்பதும் மற்ற இரண்டு. இந்தக் கடைசி வரியை ஏற்க மறுப்பவரிடம் கையெழுத்திட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்துவிட்டார்களாமே, இது சட்டப்படி சரியான தொழில்தானா?

பெற்றோர்கள் மிகவும் அக்கறையுடன் கேட்கும் கேள்வி இது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அது திறமையால் ஆடுவதா அதிர்ஷ்டத்தால் ஆடுவதா என்று பார்ப்பதில்லை. இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்விளையாட்டுப் போட்டிகளையும், பந்தயம் இல்லாத சமூக விளையாட்டுகளையும் அது தனியாகப் பிரித்து ஏற்கிறது. பந்தயப் பணமாக இல்லாதவரை, நுழைவுக் கட்டணமோ சந்தாவோ வாங்குவதற்கு இடம் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கி ஆடும் புதிர் விளையாட்டு அந்தத் தடைக்குள் வராது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் சூதாட்டத்தைத்தான் குறி வைத்தது. ரம்மியில் பணத்தை இழந்த குடும்பங்களை நாங்களும் அறிவோம். ஆகவே அந்தத் தடையை வரவேற்கிறோம். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் எங்கள் தொழிலுக்கு வீட்டிலும் வங்கியிலும் தேவையில்லாத சந்தேகம் எழுகிறது.

ஜிஎஸ்டி, வங்கிக் காகிதங்கள்?

நல்ல ஆடிட்டர் ஒருவரை முதல் டாலர் வருவதற்கு முன்பே பிடியுங்கள். வெளிநாட்டுக் கடையிலிருந்து வரும் தொகையைச் சேவை ஏற்றுமதியாகக் காட்ட, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்யுடி உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு வரவுக்கும் வங்கியிடம் அந்நியச் செலாவணி வரவுச் சான்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்காவில் பிடித்த வரியை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம், சான்று இருந்தால்.

கடை நாளையே உங்கள் விளையாட்டை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

எடுக்க முடியும் என்பதை நாங்கள் மறப்பதே இல்லை. 2025 ஜூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்களின் அழுத்தத்தால் இட்ச் தளம் வயதுவந்தோருக்கான விளையாட்டுகளைத் தேடலிலிருந்து நீக்கியது. எங்கள் விளையாட்டுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், கடைக்கும் மேலே பணம் கடத்துபவர் என்று இன்னொரு வாயிற்காவலர் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

ஆகவே சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம். விளையாட்டுக்குள் முதன்மைத் திரையில், எங்களிடமிருந்து நேரடியாகச் செய்தி பெற விரும்புவோர் மின்னஞ்சலைக் கொடுக்க ஓர் இடம் வைத்திருக்கிறோம். அதில் சேர்ந்தவர்கள் எந்தக் கடை மூடினாலும் எங்களுடன் இருப்பார்கள். கணினி விளையாட்டுகளைக் கடையின் செயலி இல்லாமலும் ஓடும்படியே கட்டுகிறோம். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் மூலக் கோப்புகள், எஞ்சினின் அதே பதிப்பு, எழுத்துருக்கள், ஒலிப்பதிவுகள் ஆகிய அனைத்தையும் ஒரே உறையில் இட்டு, எதை எப்படிக் கட்டுவது என்பதைத் தாளில் கையால் எழுதி உள்ளே வைக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரம், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பழைய கணினியில் விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து கட்டிப் பார்க்கிறோம். சென்ற முறை ரயில் விளையாட்டு ஒரே முயற்சியில் ஓடியது, ஆனால் ரன்னிமேட்டில் பதிவு செய்த விசில் மட்டும் ஒலிக்கவில்லை. கோப்பின் பெயரைத் தாளில் தவறாக எழுதியிருந்தோம், திருத்தினோம்.

உங்களை நேரில் வந்து பார்க்கலாமா?

தாராளமாக வரலாம். சனிக்கிழமை பிற்பகல்களில் இருப்போம்; டிசம்பர் கடைசியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் ஹெத்தை அம்மன் பண்டிகை நாட்களில் மட்டும் இருக்க மாட்டோம். சொந்த வண்டியில் வெளியூரிலிருந்து வருபவர்கள் நீலகிரிக்கான இ-பாஸை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறினால் அது தேவையில்லை. செய்துகொண்டிருக்கும் விளையாட்டு எந்த நிலையில் இருந்தாலும் மடிக்கணினியில் எடுத்து வாருங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டு வருவது நல்லது, பிற்பகலில் கரண்ட் இருக்கும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது.